ஆளும் கட்சியின் உட்பூசல்

சென்னை சென்ட்ரலிலிருந்து மலையாள நாட்டுக்குப் புறப்படும் ரயில்கள் தினந்தோறும் பட்டாபிராமைக் கடந்தே செல்கின்றன. பட்டாபிராமிலும் ஆவடியிலும் அம்பத்தூரிலும் குடியேறி, தொழிற்சாலைகளில் நம்மவரோடு தோளோடு தோள் நின்று உழைத்துவரும் மலையாள நண்பர்கள் பலர். கேரளத்தில் நடப்பது நமக்கு அயல் வீட்டுச் செய்தியேயன்றி அயல்நாட்டுச் செய்தியன்று. 2025-ம் வருஷம் ஜூலை மாதம் 21-ந் தேதி திருவனந்தபுரத்தில் ஸ்ரீ வி. எஸ். அச்சுதானந்தன் தமது 101-வது வயதில் காலமானார். அவருடைய உடல் ஆலப்புழைக்குச் சென்ற வழி நெடுகிலும், இரவென்றும் மழையென்றும் பாராமல் ஜனங்கள் திரண்டு நின்றனர். சில மணி நேரத்தில் முடியவேண்டிய பயணம் மறுநாள் நண்பகல் வரை நீடித்தது.

இவ்வளவு பேருடைய அன்பைப் பெற்ற அந்த மனிதர், முதல் மந்திரியாக இருந்த காலத்திலேயே, 2009-ம் வருஷம் ஜூலை மாதம் தம் சொந்தக் கட்சியின் பொலிட்பீரோவிலிருந்து விலக்கப்பட்டார். ஒரு ராஜ்யத்தை ஆள்வதற்குத் தகுதியுள்ளவர் என்று ஜனங்களால் ஒப்புக்கொள்ளப்பட்டவர், கட்சியின் உயர்ந்த குழுவில் உட்காருவதற்கு மட்டும் தகுதியற்றவரானது எப்படி? இந்தக் கேள்வியை ஒரு கட்சியின் வீட்டு விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. ஆளும் கட்சியின் உட்பூசல் ஆளப்படும் ஜனங்களின் விவகாரமாகும். அதைப் பகிரங்கமாகத் தீர்த்துக்கொள்ள ஒரு கட்சி மறுக்குமானால், அதன் விலையை இறுதியில் ஜனங்களே கொடுக்க நேரிடும் என்பது நமது திடமான அபிப்பிராயம்.

சண்டையிட்ட இருவரும் சாமானியர்களல்லர். அச்சுதானந்தன் 1923-ம் வருஷம் புன்னப்பிராவில் பிறந்தவர். சிறு பிராயத்திலேயே தாய் தந்தையரை இழந்து, ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டுத் தையற்கடையிலும் பிறகு கயிற்றுத் தொழிற்சாலையிலும் வேலை செய்தவர். 1946-ம் வருஷத்துப் புன்னப்பிரா - வயலார் கிளர்ச்சிக் காலத்தில் போலீஸாரிடம் சொல்லொணாச் சித்திரவதைகளை அனுபவித்தவர். 1964-ம் வருஷம் ஏப்ரல் மாதம் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் கவுன்ஸிலிலிருந்து வெளியேறி மார்க்ஸிஸ்ட் கட்சிக்கு அடிகோலிய 32 பேரில் அவரும் ஒருவர். நம் தமிழகத்து ஸ்ரீ என். சங்கரய்யாவும் அவர்களில் ஒருவரே. மறுபுறத்தில் நின்ற ஸ்ரீ பினராயி விஜயன் கண்ணூர் ஜில்லாவில் கள்ளிறக்கும் தொழிலாளியின் குடும்பத்தில் பிறந்தவர். 1975-ம் வருஷத்து அவசரநிலைக் காலத்தில் சிறையில் அடியுண்டவர். 1998-ம் வருஷம் முதல் 2015-ம் வருஷம் வரை மாநிலக் காரியதரிசியாக இருந்து கட்சியைக் கட்டிக் காத்தவர். இருவருடைய தியாகத்தையும் நாம் குறைத்துப் பேச விரும்பவில்லை. குற்றம் மனிதர்களின் சுபாவத்தில் மாத்திரமிருந்தால் இந்தத் தலையங்கத்துக்கே அவசியமில்லை.

நடந்ததைச் சற்று நினைவுகூர்வோம். 1996-ம் வருஷத் தேர்தலில் இடதுசாரி முன்னணி வென்றது. முதல் மந்திரியாவார் என்று எதிர்பார்க்கப்பட்ட அச்சுதானந்தனோ, தமது ஜில்லாவில் கட்சியின் கோட்டையாகிய மாராரிக்குளம் தொகுதியிலேயே தோற்றார். சொந்தக் கட்சியார் காலை வாரிவிட்டனர் என்ற பேச்சு நாடெங்கும் எழுந்தது, ஸ்ரீ ஈ. கே. நாயனார் முதல் மந்திரியானார். 1998-ம் வருஷம் பாலக்காட்டு மாநில மகாநாட்டில் அச்சுதானந்தன் தரப்பினர் தொழிற்சங்கத் தலைவர்களின் கோஷ்டியைத் தோற்கடித்தனர். 2005-ம் வருஷம் மலப்புரம் மகாநாட்டிலோ சக்கரம் திரும்பியது. அச்சுதானந்தன் தரப்பினர் போட்டியிட்டுத் தோற்றனர். வென்றவர் பக்கம் நீதி, தோற்றவர் பக்கம் துரோகம் என்று ஒவ்வொரு மகாநாட்டிலும் எழுதப்பட்டதேயன்றி, எந்தக் கொள்கையை முன்னிட்டு எந்தக் கொள்கை கைவிடப்பட்டது என்பது வாக்காளருக்கு விளக்கப்படவில்லை.

2006-ம் வருஷத் தேர்தலில் அச்சுதானந்தனுக்கு இடமில்லை என்று கட்சி முடிவு செய்தது. ஜனங்கள் தெருவில் இறங்கி ஊர்வலம் போயினர். கட்சி தன் முடிவை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. 140 ஸ்தானங்களில் 98 ஸ்தானங்களை முன்னணி கைப்பற்றியது. 82 வயதில் அவர் முதல் மந்திரியானார். ஆனால் போலீஸ் இலாகா அவரிடம் விடப்படவில்லை. உள்நாட்டு மந்திரிப் பதவி ஸ்ரீ கோடியேரி பாலகிருஷ்ணனிடம் போயிற்று. கையில் செங்கோலைக் கொடுத்து, கோலின் மறுமுனையை வேறொருவர் பிடித்துக்கொண்டால் ஆட்சி எப்படி நடக்கும்?

எப்படி நடந்தது என்பதை மூணாறில் கண்டோம். 2007-ம் வருஷம் அங்கே மலைநிலங்களை ஆக்கிரமித்துக் கட்டிய கட்டிடங்களை அகற்றுவதற்கு முதல் மந்திரி மூன்று உத்தியோகஸ்தர்கள் கொண்ட குழுவை அனுப்பினார். அகற்றும் வேலை மும்முரமாகத் தொடங்கியது. சொந்தக் கட்சியிலும் தோழமைக் கட்சியிலும் எதிர்ப்புக் கிளம்பியதும் அந்த வேலை பாதியில் நின்றது. ஆக்கிரமிப்பை அகற்றுவது நியாயமா, அகற்றிய முறை நியாயமா என்பது விவாதத்துக்குரிய விஷயமே. அந்த விவாதம் சட்டசபையில் நடந்திருக்கவேண்டும். நடந்ததோ இரு கோஷ்டிகளின் பலப்பரீட்சை. மூணாறுத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்துவரும் தமிழ்த் தொழிலாளிகளுக்குச் சொந்தமாக ஒரு காணி நிலமில்லை. அவர்கள் கண்ணெதிரே நிலத்தைப் பற்றிய பிரச்னை மனிதர்களைப் பற்றிய சண்டையாக மாறிப்போயிற்று. உட்பூசலால் ஜனங்களுக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு இது ஒன்றே போதிய பதில்.

அதே 2007-ம் வருஷம் மே மாதம், பகிரங்கமாக ஒருவரையொருவர் தாக்கிப் பேசியதற்காக, முதல் மந்திரியும் மாநிலக் காரியதரிசியும் ஒரே நாளில் பொலிட்பீரோவிலிருந்து தாற்காலிகமாக நீக்கப்பட்டனர். சில மாதங்களில் இருவரும் திரும்பச் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். பினராயி விஜயன் மின்சார மந்திரியாக இருந்த காலத்தைச் சார்ந்த லாவலின் ஒப்பந்த வழக்கு இந்தப் பகைக்கு நெய் வார்த்தது. அந்த வழக்கில் விசேஷக் கோர்ட்டு 2013-ம் வருஷம் அவரை விடுவித்தது என்பதையும், 2017-ம் வருஷம் ஹைக்கோர்ட்டு அத்தீர்ப்பை உறுதி செய்தது என்பதையும் நேர்மையுள்ளவர்கள் மறைக்கலாகாது. 2011-ம் வருஷத் தேர்தலிலும் முதலில் மறுப்பு, பிறகு அனுமதி என்ற பழைய நாடகமே நடந்தது. முன்னணிக்கு 68 ஸ்தானங்கள், எதிரணிக்கு 72. வீட்டுச் சண்டை இல்லாதிருந்தால் அந்தச் சிறு வித்தியாசம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னது பதவியும் கௌரவமும் பற்றியது. இனிச் சொல்லப்போவது உயிரைப் பற்றியது. கோழிக்கோடு ஜில்லாவில் வடகரைக்கு அருகே உள்ள ஒஞ்சியத்தில், கட்சியோடு மனம் வேறுபட்டு வெளியேறிப் புரட்சிகர மார்க்ஸிஸ்ட் கட்சி என்ற தனி அமைப்பைக் கண்டவர் ஸ்ரீ டி. பி. சந்திரசேகரன். 2012-ம் வருஷம் மே மாதம் 4-ந் தேதி இரவு அவர் வழிமறித்து வெட்டிக் கொல்லப்பட்டார். கட்சிக்கு இதில் சம்பந்தமில்லை என்று தலைமை கூறியது. 2014-ம் வருஷம் ஜனவரியில் கோர்ட்டு ஆயுள் தண்டனை விதித்தவர்களில் அக்கட்சியின் உள்ளூர்த் தலைவர்களும் இருந்தனர். அச்சுதானந்தன் கட்சியின் கோபத்தைப் பொருட்படுத்தாமல், இடைத்தேர்தல் ஒன்றின் வாக்குப்பதிவு நாளிலேயே, இறந்தவரின் மனைவி ஸ்ரீமதி கே. கே. ரமாவின் வீட்டுக்குச் சென்று துக்கம் விசாரித்தார். துக்க வீட்டுக்குப் போவது கட்சிக் கட்டுப்பாட்டை மீறிய செயலாக எண்ணப்படுமானால், அந்தக் கட்டுப்பாட்டில் எங்கோ கோளாறு இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. 2021-ம் வருஷம் அதே ரமாவை வடகரை வாக்காளர்கள் சட்டசபைக்குத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள்.

அந்தக் கோளாறு யாது? ஜனநாயக மத்தியத்துவம் என்று கம்யூனிஸ்ட்கள் ஒரு விதியைப் போற்றுகிறார்கள். முடிவெடுக்கும் வரை உள்ளே விவாதிக்கலாம். முடிவெடுத்தபின் எல்லோரும் அதற்குக் கட்டுப்படவேண்டும். மைனாரிட்டியின் வாதம் வெளியே கேட்கக்கூடாது. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகிறது. ஆயினும், வெளியே பேச வழியில்லாத மைனாரிட்டி என்ன செய்யும்? உள்ளேயே கோஷ்டி கட்டும். நள்ளிரவில் பத்திரிகை நிருபர்களுக்குச் செய்தி கசியவிடும். அடுத்த மகாநாட்டுக்கு ஆள் சேர்க்கும். மெஜாரிட்டியோ, கோஷ்டி கட்டியவர்களைக் களையெடுக்கப் புறப்படும். கோஷ்டியை ஒழிப்பதற்கென்று பிறந்த விதியே கோஷ்டிகளை வளர்க்கும் உரமாகிவிடுகிறது. மாற்று யோசனை ஒன்றை எழுதிக் கொடுத்ததற்காக ஸ்ரீ எம். வி. ராகவன் 1986-ம் வருஷம் வெளியேற்றப்பட்டார். 1957-ம் வருஷத்து முதல் மந்திரிசபையில் நிலச்சீர்திருத்த மசோதாவைக் கொண்டுவந்த ஸ்ரீமதி கௌரியம்மா 1994-ம் வருஷம் வெளியேற்றப்பட்டார். அவ்விதம் வெளியேற்றும் கட்டுப்பாட்டை ஒரு காலத்தில் கண்டிப்பாக நடத்திய அச்சுதானந்தனே, 2015-ம் வருஷம் ஆலப்புழை மகாநாட்டில் தம்மைக் கட்சி விரோதப் போக்குடையவரென்று கண்டித்த தீர்மானத்தைக் கேட்டு, மண்டபத்தைவிட்டு எழுந்து வெளியே நடந்தார்.

இந்த விதி பிறந்த ருஷ்யாவில் இதன் முழுச் சொரூபத்தையும் உலகம் கண்டது. 1921-ம் வருஷம் பத்தாவது காங்கிரஸில் கட்சிக்குள் கோஷ்டிகள் கூடாதென்று தடை விதிக்கப்பட்டது. அடுத்த வருஷ முடிவிலும் 1923-ம் வருஷத் தொடக்கத்திலும் நோய்ப்படுக்கையிலிருந்த லெனின், ஸ்டாலினைப் பிரதம காரியதரிசிப் பதவியிலிருந்து விலக்கும்படி எழுதுவித்த கடிதம் பிரதிநிதிகளின் காதோடு நின்றது. சோவியத் நாட்டில் அச்சேறியது 1956-ம் வருஷத்திலேதான். இடைப்பட்ட காலத்தில் டிராட்ஸ்கி நாடு கடத்தப்பட்டுக் கொலையுண்டார். லெனினோடு நின்ற பழைய தோழர்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சீனாவில் நாட்டின் தலைவராயிருந்த லியூ ஷாவோசி 1969-ம் வருஷம் காவலிலேயே மாண்டார். அவர் குற்றமற்றவரென்று கட்சி ஒப்புக்கொள்வதற்கு 1980-ம் வருஷம் வரை ஆயிற்று.

கேரளத்தில் அச்சுதானந்தனுக்கு அந்த கதி நேரவில்லை. தோற்றும் அவர் எதிர்க்கட்சித் தலைவராக வீற்றிருந்தார். 2016-ம் வருஷம் முன்னணி 91 ஸ்தானங்களோடு வென்று பினராயி விஜயன் முதல் மந்திரியானபோது, நிர்வாகச் சீர்திருத்தக் கமிஷனின் தலைவரானார். இதற்குக் காரணம் கட்சியின் விதியா? அன்று. கட்சிக்கு மேலே ஓர் அரசியல் சட்டம் இருந்தது. சுதந்திரமான கோர்ட்டுகள் இருந்தன. வாய்ப்பூட்டில்லாத பத்திரிகைகள் இருந்தன. ஐந்து வருஷத்துக்கொரு முறை வாக்குச் சீட்டோடு வரும் ஜனங்கள் இருந்தார்கள். 2006-ம் வருஷம் கட்சியின் தவற்றைத் திருத்தியவர்கள் அந்த ஜனங்களே. நேபாளத்திலும் இதே பாடத்தைக் கண்டோம். ஸ்ரீ ஒலியும் ஸ்ரீ பிரசண்டாவும் 2018-ம் வருஷம் ஒன்றாக்கிய கம்யூனிஸ்ட் கட்சிக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பலமிருந்தது. பதவிப் போட்டி முற்றி, 2020-ம் வருஷம் டிசம்பரில் ஒலி பார்லிமெண்டையே கலைத்தார். அதை உயிர்ப்பித்தது 2021-ம் வருஷம் பிப்ரவரியில் வந்த சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பு. கட்சி தன் பிணக்கைத் தானே தீர்த்துக்கொள்ள இயலாதபோது, எந்த ஜனநாயகத்தைப் பூர்ஷ்வா ஜனநாயகமென்று கம்யூனிஸ்ட்கள் ஏளனம் செய்து வந்தார்களோ, அதுவே அவர்களுக்கு அடைக்கலமாயிற்று.

குடும்பச் சண்டையை வீதிக்குக் கொண்டுவரலாமா என்று சிலர் கேட்கக்கூடும். குடும்பம் தன் சொத்தைப் பற்றிச் சண்டையிடுமானால் நாம் குறுக்கிடமாட்டோம். இங்கே சண்டை ஊர்ச் சொத்தைப் பற்றியது. தலைமறைவாயிருந்து அடக்குமுறையை எதிர்த்த நாளில் ரகசியமும் இரும்புக் கட்டுப்பாடும் உயிரைக் காத்தன என்பதை ஒப்புக்கொள்கிறோம். அன்று கதவைத் தாழிட்டது போலீஸுக்கு அஞ்சி. போலீஸ் இலாகாவே தம் கையிலிருக்கும் நாளில் தாழிடுவது யாருக்கு அஞ்சி?

தேசியவாதிகளாகிய நமக்கு இதைச் சொல்ல யோக்யதை உண்டா என்பதையும் ஆராய்வோம். 1939-ம் வருஷம் காங்கிரஸ் தலைவர் தேர்தலில் ஸ்ரீ சுபாஷ் சந்திர போஸ் 1,580 வாக்குகளும் டாக்டர் பட்டாபி சீதாராமய்யா 1,377 வாக்குகளும் பெற்றனர். தேசம் முழுவதும் அந்தக் கணக்கை அறிந்தது. வென்ற போஸ் சில மாதங்களில் ராஜினாமாச் செய்யும்படி நேர்ந்ததையும் தேசம் அறிந்தது. அதில் யார் பக்கம் நியாயம் என்று இன்றளவும் வாதம் நடக்கிறது. வாதிக்க முடிகிறது என்பதே பகிரங்கத்தின் பயன். 1954-ம் வருஷம் சென்னை ராஜ்யத்தில், கல்வித் திட்டத்தைப் பற்றிய கிளர்ச்சியின் நடுவே ராஜாஜி விலகியபோது, சட்டசபைக் காங்கிரஸ் கட்சியின் தலைமைக்குப் போட்டி ஏற்பட்டது. ஸ்ரீ காமராஜ் 93 வாக்குகள் பெற்றார்; ஸ்ரீ சி. சுப்பிரமணியம் 41 வாக்குகள் பெற்றார். எண்ணிக்கை வெளியாயிற்று, பகை வளர்க்கப்படவில்லை. தோற்ற சுப்பிரமணியத்தையே காமராஜ் தம் மந்திரிசபையில் சேர்த்துக்கொண்டார். அடுத்த வருஷம் ஜனவரியில், பட்டாபிராமுக்குப் பக்கத்திலேயே உள்ள ஆவடியில், சோஷலிஸ மாதிரியான சமுதாயமே லட்சியமென்று காங்கிரஸ் மகாசபை தீர்மானம் நிறைவேற்றியது. அந்தப் பந்தலைக் கண்ட பூமியில் நின்றுகொண்டு, சோஷலிஸம் பேசுகிறவர்கள் தோற்றவரைத் துரோகியாக்கவேண்டியதில்லை என்று சொல்ல நமக்கு உரிமையுண்டு.

அத்துடன் நம் தவற்றையும் சொல்லியாகவேண்டும். அதே காங்கிரஸ் 1969-ம் வருஷம் பிளவுண்டது. பின்னர் 1970-களின் தொடக்கத்திலிருந்து 1992-ம் வருஷம் வரையில் ஸ்தாபனத் தேர்தலே நடத்தாமல் நியமனத்தால் காலம் தள்ளியது. தமிழகத்துக் கட்சிகள் பலவற்றில் தலைமை தந்தையிடமிருந்து மக்களுக்குச் சொத்துப்போல் இறங்குகிறது, அல்லது ஒருவரைத் தவிர வேறெவரும் வேட்புமனுப் போடாத தேர்தலில் கைதட்டலோடு முடிகிறது. கிளையிலிருந்து மத்தியக் கமிட்டி வரை மகாநாடு கூட்டி, கணக்குக் காட்டி, விமர்சனம் கேட்கும் வழக்கம் கம்யூனிஸ்ட்களிடம் இருக்கிறது. இந்த மட்டில் அவர்கள் மற்றவர்களைவிட மேலானவர்களே. மலப்புரத்தில் வாக்கெடுப்பாவது நடந்தது. நம்மூர்க் கட்சிகள் பலவற்றில் அதுவுமில்லை. ஆகவே கேரளத்தைப் பார்த்துச் சிரிப்பதற்கு இங்கே யாருக்கும் அருகதையில்லை. அவர்கள் திறக்கவேண்டிய கதவு ஒன்று. நாம் திறக்கவேண்டியவை பல.

2021-ம் வருஷம் கேரளத்தில் முன்னணி 99 ஸ்தானங்களோடு தொடர்ந்து இரண்டாம் முறை வென்றது. நாற்பது வருஷங்களுக்கு மேலாக அங்கே நிகழாதது அது. நோய்க்காலத்தில் சுகாதார மந்திரியாயிருந்து நற்பெயரெடுத்து, அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்ற ஸ்ரீமதி கே. கே. சைலஜாவுக்குப் புதிய மந்திரிசபையில் இடமளிக்கப்படவில்லை. முதல் மந்திரியைத் தவிர எல்லோரும் புதியவர்கள் என்பது கட்சியின் முடிவு என்று சொல்லப்பட்டது. முடிவு சரியாகவும் இருக்கலாம். யார் யார் என்ன வாதம் செய்தார்கள், எத்தனை பேர் ஆதரித்தார்கள் என்பது வாக்களித்தவர்களுக்குத் தெரியவேண்டாமா? அச்சுதானந்தன் காலத்தில் இருவர் சண்டை இட்டதால் உள்ளே நடப்பது கொஞ்சமேனும் வெளியே கேட்டது. சண்டை ஓய்ந்தபின் மௌனம் வந்தது. மௌனத்தை ஒற்றுமையென்று எண்ணி ஏமாறலாகாது.

நாம் கேட்பவை மூன்றே. முதலாவது, முதல் மந்திரியைச் சட்டசபைக் கட்சியினர் ரகசிய வாக்கெடுப்பின் மூலம் தேர்ந்தெடுத்து, வாக்குக் கணக்கை அன்றே வெளியிடவேண்டும். இரண்டாவது, ஆட்சி சம்பந்தமான விஷயங்களில் கட்சிக் கமிட்டிகளில் தோற்ற கருத்தையும், அதற்குக் கிடைத்த ஆதரவையும் வெளிப்படுத்த அனுமதிக்கவேண்டும். மைனாரிட்டி அபிப்பிராயத்தைச் சொன்னதற்காக எவரையும் வெளியேற்றலாகாது. மூன்றாவது, கட்சியைவிட்டு விலகியவனும் இந்த நாட்டுப் பிரஜையே. அவன் வாசலில் ஆயுதத்தோடு நிற்பவன் எவனாயினும் அவனைக் காக்கும் வக்கீலாகக் கட்சி நிற்கலாகாது. இவை கம்யூனிஸ்ட்களுக்கு மாத்திரமல்ல, ஆளும் கட்சிகள் அனைத்துக்கும் பொருந்தும்.

பட்டாபிராம் வாசகர்கள் இதைத் தூரத்து விவகாரமென்று நினைக்கவேண்டாம். ஆவடி மாநகராட்சியின் வார்டு முதல் திருவனந்தபுரத்துச் சட்டசபை வரை, சபையில் எடுக்கப்படவேண்டிய முடிவுகள் கட்சி அறையில் எடுக்கப்பட்டால் கஷ்டப்படுகிறவன் குழாய்க்கும் சாலைக்கும் மனுப் போட்டுக் காத்திருக்கிற குடும்பஸ்தனே. அடுத்த முறை எந்தக் கட்சிக்காரர் வாக்குக் கேட்டு உங்கள் வாசலுக்கு வந்தாலும், கொள்கை என்ன என்பதோடு இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: "உங்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் எத்தனை பேர், எதிர்த்தவர்கள் எத்தனை பேர்?" அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லக்கூடிய கட்சிக்கே ஆட்சியை நம்பி ஒப்படைக்கலாம்.